சாவு மணிக்கு ஒத்திகை கிடையாது

தம்பிகளுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பாகூரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் டேப் பெட்டிகளின் மேல் கல்யாண வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதத்தான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்னும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. தப்பு இருக்கிற இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நேரில் வந்து சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு எப்போதும் வந்ததில்லை. இப்போது காதும் மந்தமாகிவிட்டது. காது போன ஒலிப்பதிவுக்காரனுக்குக் கடையில் என்ன வேலை என்றுதான் விலகிக்கொண்டேன். மைக்கை எங்கே வைப்பது, மெஷினில் சத்தத்தின் அளவு காட்டுகிற முள்ளை எதுவரை விடுவது, டேப்பை எப்படி வெட்டி ஒட்டுவது என்பதையெல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். அது கொஞ்ச நாளில் கைக்குத் தானாக வந்துவிடும். கைக்கு வராதது ஒன்று இருக்கிறது. எங்கே வெட்டக்கூடாது என்பது. அது எனக்கு ஒரே ஒரு வேலையில்தான் தெரிந்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் பாய் ஒருவர் மைக்செட் கடை வைத்திருந்தார். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ஆளாக அவரிடம் சேர்ந்தேன். எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான், பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து அவர் ஒரு ஸ்பூல் டேப் மெஷினை வாங்கினார். பேட்டரியிலும் ஓடும். அதைத் தொட மற்றவர்கள் பயந்தார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்கிற வேலை எனக்குத்தான் பொருந்தும் என்று பாய் முடிவு செய்துவிட்டார்.

முதலில் பதியப் போனது பாகூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். நாகஸ்வரக்காரர் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தபோது முள்ளைப் பார்த்துச் சரி செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டி மேளம் கொட்டியதும் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு போட்டுக் கேட்டால் அந்த இடத்தில் தகரத்தைக் கிழிக்கிற சத்தம்தான் இருந்தது. பெண்ணின் தகப்பனார் என்னைத் திட்டவில்லை. அந்த இடம் மட்டும் இல்லாமல் போயிற்றா என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து எதைப் பதியப் போனாலும் அதன் உச்சச் சத்தத்தை முதலில் ஒருதரம் காட்டச் சொல்லுவேன். அதைக் கேட்டு முள்ளைச் சரி செய்த பிறகுதான் டேப்பை ஓட விடுவேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்த நல்ல பழக்கமே ஓர் ஊரில் என்னை நடுத்தெருவில் நிறுத்தியது.

ஒதியம்பட்டைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு கிறிஸ்தவ ஊர். பெயர் வேண்டாம். அங்கே கோயில் கோபுரத்தில் ஒரு பழைய மணி இருந்தது. அதன் தலையில் உத்திரத்தோடு சேர்த்து மாட்டுகிற காது விரிசல் விட்டுவிட்டது. சத்தம் கெடவில்லை, ஆனால் எந்த நேரமும் அறுந்து கீழே விழலாம். மணியை இறக்கி வார்ப்படக்காரர்களிடம் அனுப்பினால் திரும்பி வரச் சில மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஊர் ஜனங்கள் விடியலில் எழுவதும் மத்தியானம் வயலை விட்டுக் கரையேறுவதும் சாயங்காலம் விளக்கு வைப்பதும் அந்த மணியை வைத்துத்தான். அதனால் பங்குச் சாமியார் ஒரு வழி யோசித்தார். மணியை இறக்குவதற்கு முன்னால் அதன் சத்தத்தை டேப்பில் பிடித்து, கோபுரத்தில் குழாய் கட்டி அதிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று பாயிடம் வந்து கேட்டார். தினமும் மூன்று வேளை அடிக்கிற மணியும் வேண்டும், யாராவது இறந்தால் அடிக்கிற மணியும் வேண்டும் என்றார்.

மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். மணி அடிக்கிறவர் லூர்து என்கிற என் வயதுக்காரர். கோபுரத்துக்குக் கீழே மைக்கை நிறுத்திவிட்டு, என் வழக்கப்படி பெரிய சத்தத்தை முதலில் பார்த்துக்கொள்ள நினைத்தேன். சாவு மணியைத்தான் ஓங்கி அடிப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம்.

"சாவு மணிய ஒருதரம் அடிச்சிக் காட்டுங்க. எவ்ளோ சத்தம் வருதுன்னு பாத்துக்கறேன்" என்றேன்.

லூர்து கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட்டார். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெரியம்மா குடத்தோடு என் பக்கத்தில் வந்து நின்று, "யாரு செத்துட்டாங்கன்னு அடிக்கச் சொல்றபா?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

அந்த ஊரில் ஆள் இறக்காமல் அந்த மணியை அடிக்க மாட்டார்கள். அடித்தால் அது தனக்கு ஓர் ஆளைத் தேடிக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. கோயிலுக்கு மூன்றாவது வீட்டில்தான் பழைய மணிக்காரர் படுக்கையில் கிடந்தார். வயதுப் பையனாகக் கயிற்றைப் பிடித்தவர் கிழவராகிப் படுக்கையில் விழும்வரை அவர்தான் அந்த மணியை அடித்தவர். வயிற்றில் கட்டி. இனி எழுந்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மணியை இறக்கப்போகிற சேதியை அவரிடம் சொல்லவில்லை.

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்து, "வெளியூர் ஆளு, தெரியாம கேட்டுட்டாரு, வுடுங்க" என்று எல்லாரையும் அனுப்பிவைத்தாள். அவள்தான் படுக்கையில் கிடந்த பழைய மணிக்காரரின் மகள் பிலோமினா. கல்யாணமாகி அதே தெருவில் இருந்தாள். கோயில் வாசல் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். நான் ஒன்றும் பேசாததைப் பார்த்து, "இன்னாங்க, ஊருக்கெல்லாம் மைக்கு குடுக்கறீங்க, ஒங்க வாய்ல ஒரு வார்த்த வர மாட்டேங்குதே" என்றாள். பிறகு அவளுடைய குரல் மாறிவிட்டது.

"இந்த ஊர்ல செத்தவங்க எல்லாருக்கும் எங்கப்பாதான் அடிச்சாரு. எங்கம்மா செத்தப்பகூட வேற யாரையும் கயித்தத் தொட வுடல. மணி போன பின்னாடி அவரு போயிட்டார்னா அவருக்கு மட்டும் ஒண்ணும் இல்லாம குழிக்குப் போவணும். எதுனா பண்ண முடியுமான்னு பாருங்க."

"பாக்கறேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

மணியை இறக்குமுன் சாவு மணியை ஒருதரம் அடித்துப் பதியலாமா என்று பங்குச் சாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். செத்துப் போகாதவருக்கு அடிக்கக்கூடாது என்று சபையில் சட்டம் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் மூன்றாவது வீட்டில் படுத்திருப்பவர் அதைக் கேட்டுவிட்டு, யாருக்கு அடிக்கிறார்கள் என்று விசாரித்தால் தாம் என்ன பதில் சொல்வது என்று என்னையே கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைக்கு வந்து பாயிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏம்பா, நீ வாயத் தொறக்கறதே வருசத்துக்கு ஒருவாட்டி. அதையும் சாவு மணி கேட்டுத் தொறந்தியா?" என்றார். அப்புறம் மெஷினை எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கேயே வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

மறுநாளிலிருந்து மூவேளை மணியைப் பதிந்தேன். கோபுரத்துக்கு அடியில் வைத்தால் மணியின் நாக்கு இடிக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது. அந்த மணியை யாரும் அதன் அடியில் நின்று கேட்டதில்லையே, ஊர் எங்கே இருந்து கேட்கிறதோ அங்கேதானே மைக் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஊரில் யாரைவிடவும் அதை அதிகம் கேட்டுக்கொண்டிருப்பவர் மணிக்காரர். அதனால் அவர் வீட்டுக் கொல்லையில், வேலிக்கு வெளியே, அவருக்குத் தெரியாமல் மைக்கை வைத்தேன். சத்தம் உருண்டையாக வந்து உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூவேளை மணியை மூன்று மூன்று அடியாக அடிப்பார்கள். மூன்று அடி அடித்துவிட்டு ஒரு செபம் சொல்கிற நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு அடுத்த மூன்று. சாவு மணி அப்படி இல்லை. ஒற்றை அடி, நெடுநேரம் சும்மா, மறுபடி ஒற்றை அடி. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டபோது ஒன்று பிடிபட்டது. முதல் அடியின் ரீங்காரத்தை இரண்டாவது அடி வந்து மறைத்துவிடும். இரண்டாவதை மூன்றாவது மறைக்கும். மூன்றாவது அடிக்குப் பின்னால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. அது தானாக நீண்டு, தேய்ந்து, தானாக அடங்கும். அந்த அடியை மட்டும் வெட்டி எடுத்தால் அதுதான் சாவு மணி. யாரையும் அடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு வேளையும் அந்த மூன்றாவது அடிகளைச் சேர்த்து வைத்தேன். ஒன்றையே திருப்பித் திருப்பிப் போட்டால் காதுக்குத் தெரிந்துவிடும். மனுஷன் கை இரண்டு தடவை ஒரே மாதிரி இழுக்காது.

மணியை இறக்கி வண்டியில் ஏற்றிய அன்று, கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பிலோமினா அப்பாவிடம் சொல்லியிருந்தாள். பாய் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த இன்னொரு மெஷினைக் கோபுரத்து அறையில் வைத்தேன்; அன்று மத்தியானமே குழாயிலிருந்து மணி அடித்தது. வயலில் இருந்தவர்கள் கரையேறினார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணிக்காரரும் எப்போதும்போல் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாராம். அப்பாடா என்று இருந்தது.

சில நாள் கழித்துப் பிலோமினா கடைக்கே வந்துவிட்டாள். அப்பா கூப்பிடுகிறார் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "நீங்களே வந்து கேட்டுக்கோங்க. என்னெ ஒரு வழி பண்ணிட்டாரு" என்றாள்.

அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். உடம்பு கட்டிலோடு ஒட்டியிருந்தது. கயிறு இழுத்த கை மட்டும் இன்னும் பெரிதாக இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மணிய எறக்கிட்டீங்களா?"

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவள ஏன் பாக்கற? எங்க வூட்டு முருங்க மரத்துல ஒரு காக்கா கீது. தெனம் அது கத்தறதக் கேட்டுக்கினுதான் படுத்திருக்கேன். அது எப்ப கோபுரத்துல போயி ஏறிச்சி? விடியற நேரத்திலயும் அதான் கத்துது, இருட்டற நேரத்திலயும் அதான் கத்துது. மூணாவது அடி முடிஞ்சதும் டாண்ணு கத்துது. எந்த ஊர்ல காக்கா செபத்துக்கு பதில் சொல்லுது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் மணியோடு அதுவும் டேப்பில் ஏறியிருப்பது புரிந்தது. அந்தக் காக்கையை ஹெட்போனில் நானும் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். மணியையே கேட்டுக்கொண்டிருந்ததால் அது என் மண்டையில் ஏறவில்லை. மைக்குக்கு மணி வேறு காக்கை வேறு என்று தெரியாது. முன்னால் இருப்பதையெல்லாம் அது ஒன்றுபோல எடுத்துக்கொள்ளும். ஹெட்போன் போட்டிருப்பவன்தான் மற்றதையும் கேட்க வேண்டும். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

மணிக்காரருக்குக் கோபமில்லை. மணியை எங்கே அனுப்பினார்கள், காது எந்தப் பக்கம் விரிசல் என்று விசாரித்தார். அந்தப் பக்கம்தான் விடும் என்று தமக்கு முன்பே தெரியும் என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எனக்கு எத்தப் போடுவீங்க?"

மூன்றாவது அடிகளைச் சேர்த்து வைத்திருப்பதை அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். "மூணாவது அடியா" என்று தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது சரியாகத்தான் வரும் என்றார்.

"ஆனா எனக்கு அடிக்கறப்ப அந்தக் காக்கா வேணாம்பா."

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

அடி இருக்கிறது, ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். லூர்துக்கும் சாவு மணி அடித்துப் பழக்கமில்லை. இந்த மனிதர் படுத்த பிறகு ஊரில் சாவு ஒன்றும் விழவில்லை. மணிக்காரர் கையை எடுத்துக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தார். "அந்த மெஷினக் கொண்டா. மணியத்தான் அடிக்கக்கூடாது. என் கட்டில நான் தட்டறதுக்கு யாரு கேக்கறது?"

மறுநாள் பகலில் மெஷினைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மைக்கை அவர் வாய்க்கும் கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். விரல் கணுவால் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். பிறகு உதடு அசைந்தது. வாசலில் நின்ற மகளுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு ஹெட்போனில் மூச்சோடு சேர்ந்து கேட்டது. பழைய லத்தீன் செபம். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கொஞ்சம் முணுமுணுத்தார், நடுவில் நிறுத்தினார், ஒன்றுமே இல்லை, பிறகு மிச்சத்தைச் சொல்லி முடித்தார். மறுபடி ஒரு தட்டு.

அந்த நடு நிறுத்தத்தில் முதல் தடவை எனக்குப் பயம் வந்தது. மூச்சு நின்றுவிட்டதோ என்று மைக்கைக் கீழே வைக்கப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே இடது கையால் வேண்டாம் என்று காட்டினார். அடுத்த தட்டுக்குப் பின்னும் அதே இடத்தில் நிறுத்தினார். அதற்கு அடுத்ததிலும். இருமல் வந்தபோது மட்டும் தட்டுவதை விட்டுவிட்டு, இருமி முடித்து, மறுபடி தொடங்கினார். வாசலில் பிலோமினா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன்னுடைய சாவு மணியை ஒருவர் தட்டிக்கொண்டிருக்கிறார், மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நடுவில் நான் ஒரு மெஷினோடு உட்கார்ந்திருக்கிறேன். நிறுத்திவிட்டு எழுந்து போய்விடலாம் என்று என் கை இரண்டு மூன்று தடவை பொத்தானுக்குப் போனது. போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான்.

போதும் என்று கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டார். நான் ஒயரைச் சுருட்டும்போது, "எப்படி இருக்குதோ அப்படியே வெச்சிக்கோ. கத்தரிக்காத" என்றார்.

கடையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். மத்தியானத்து வெயிலில் காக்கை அடங்கியிருந்தபோது பதிந்த அடிகளை மட்டும் பொறுக்கினேன். அடிக்கும் அடிக்கும் நடுவில் வெறும் டேப்பை ஒட்டினால் அந்த இடம் செத்த இடமாகத் தெரிந்தது. அதனால் கோயிலுக்கு வெளியே யாரும் இல்லாத நேரத்தில் சும்மா ஓடவிட்டுப் பதிந்த டேப்பை அங்கே வைத்தேன். கட்டிலில் தட்டிய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அதே இடைவெளியில் மணியை உட்கார வைத்தேன்.

லூர்து ஒரு நாள் வந்து கேட்டுப் பார்த்தார். இடைவெளி ரொம்ப நீளம், ஜனங்கள் மணி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், அதுவும் ஒன்றுபோல ஒன்று இல்லை என்றார். நோயாளி களைப்பில் நிறுத்தியதையெல்லாம் அப்படியே வைக்க வேண்டுமா, சீராக வெட்டிக் கொடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் அது களைப்பு என்றுதான் தோன்றியது. பிளேடை எடுத்து டேப்பின் மேல் வைத்தேன்.

வெட்டவில்லை. நான் ஒன்றும் தெரிந்துகொண்டு நிறுத்தியதாக நினைக்காதீர்கள். களைத்தவர் ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் களைக்க மாட்டாரே என்று ஒரு சின்ன உறுத்தல். எனக்குப் புரியாத இடம் அது. புரியாத இடத்தில் கைவைக்க மனம் வரவில்லை. லூர்து பாயிடம் முறையிட்டார். பாய் கல்லாவிலிருந்து எழுந்துகூட வரவில்லை. "அந்தாளு படுத்துக்கினு தட்டனாரு. நீ நின்னுக்கினு குத்தம் சொல்றியா? அப்படியே இருக்கட்டும் போ" என்று அனுப்பிவிட்டார்.

நடவு நாளில் ஒரு காலை நேரம் மணிக்காரர் போய்விட்டார். சேதி வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். கோபுரத்து அறை மெஷினில் அதை மாட்டி, ஆம்பிளிபயரைப் போட்டு, ஓடவிட்டேன். முதல் அடி விழுந்தது. அதன் ரீங்காரம் வயல்மேல் போய் அடங்கிற்று. அடுத்த அடி வர நேரமாயிற்று. பிலோமினா வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கை இல்லை.

கோபுரத்தின் சின்ன ஜன்னல் வழியாக நடவு வயல் தெரியும். பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். நான்காவதோ ஐந்தாவதோ அடிக்குப் பிறகு அவர்களில் ஒருத்தி சேற்றோடு கரையேறி வந்து, கீழே நின்ற லூர்திடம் கேட்டாள். அவளுக்கு இன்னும் சேதி போகவில்லை.

"மணிக்காரருதான அடிக்கறாரு? எழுந்துட்டாரா? செத்தது யாரு?"

லூர்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதோடு முடிந்தது என்று டேப்பைத் தனிப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன். ஆனால் மணி திரும்பி வருவதற்கு முன்னால் அதே ஊரில் தெற்குத் தெரு வண்டிக்காரர் மாடு முட்டி இறந்துபோனார். சின்ன வயது. லூர்து கடைக்கு ஓடி வந்து அந்த டேப்பைக் கேட்டார். சாயங்காலம் அடக்கம், வண்டிக்காரரின் மனைவி மணி இல்லாமல் எடுக்க விட மாட்டேன் என்று பிணத்தின் மேல் விழுந்து கிடக்கிறாள் என்றார்.

எனக்குக் கொடுக்க மனமில்லை. அது அவருடைய கை. அவருக்காக அவரே தட்டியது. வேறொருவருக்கு அதை எடுத்துப் போட நான் யார்? வேறு ஒன்று செய்து தரலாம் என்றால் அதற்கு நேரமில்லை. கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? முடிவு செய்ய முடியாமல் மணி டேப்பையும் கட்டிலில் தட்டிய டேப்பையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு நேராகப் பிலோமினா வீட்டுக்குப் போனேன். இரண்டு டேப்பும் உங்கள் அப்பாவுடையது, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று அவள் முன்னால் வைத்தேன்.

கட்டிலில் தட்டியதைப் போடச் சொன்னாள். ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். முதல் தட்டு கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவின் செபத்தோடு அவள் உதடும் சேர்ந்து அசைந்தது. அவர் நிறுத்திய இடத்தில் இவளுடைய உதடு நிற்காமல் ஏதோ சொல்லப் போய், திகைத்து நின்றது. திருப்பிப் போடச் சொன்னாள். மறுபடி கேட்டாள். இன்னும் ஒரு தடவை கேட்டாள்.

"இங்க செத்தவங்க பேரச் சொல்லணும்" என்றாள். "எங்கப்பா ஒவ்வொரு அடிக்கும் இந்த எடத்துல பேரச் சொல்லித்தான் அடுத்தத அடிப்பாரு. எங்கம்மா பேர அப்படித்தான் சொன்னாரு."

"களைச்சிப் போயிட்டார்னு நெனச்சேன்" என்றேன்.

"களைச்சா ஒருவாட்டி வுடுவாரு. எல்லாவாட்டியுமா வுடுவாரு? தன் பேர அங்க வெக்கலங்க அவரு."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தெற்குத் தெருவிலிருந்து அழுகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எடுத்துக்கினு போயி அடிங்க. அந்த எடத்த எங்கப்பா காலியாத்தான வுட்டு வெச்சிருக்காரு."

போனேன். டேப்பை ஓடவிட்டேன். முதல் அடி விழுந்து அதன் ரீங்காரம் நீண்டது. அந்த நீளமான இடைவெளி வந்தபோது லூர்து கயிறில்லாத கையைக் கட்டிக்கொண்டு லத்தீனில் முணுமுணுத்தார். எனக்கு அந்தச் செபம் தெரியாது. நான் அந்த வேதத்துக்காரனும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் வண்டிக்காரரின் பெயரை மட்டும் சொன்னேன். அன்று வெட்டியிருந்தால் அந்தப் பெயருக்கு இடம் இருந்திருக்காது.

மணி பிறகு நல்லபடியாகத் திரும்பி வந்து கோபுரம் ஏறியது. இரண்டு டேப்பையும் பிலோமினாவிடமே கொடுத்துவிட்டேன். அதனால் உங்களுக்குப் போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. மணிக்காரரின் பெயரை நானும் இதில் எழுதவில்லை.

பாகூர்,
1988, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.